பச்சைக் கட்டமும் வரத்துக்காலும்

இன்றைய ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை மூன்றும் 1985 வரை ஒரே மாவட்டம். பழைய ஆட்கள் இன்னும் ‘ராம்நாட் ஜில்லா’ என்றுதான் சொல்வார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் இன்று இருக்கும் 112 மாவட்டங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை இரண்டே: ராமநாதபுரம், விருதுநகர். இரண்டுமே அந்தப் பழைய ஜில்லாவின் துண்டுகள்.

இதே மண்ணை முன்னேற்ற அரசு வருவது இது முதல்முறை அல்ல. 1950களில் வந்தது, பஞ்சம் பார்த்து எழுபதுகளில் மறுபடி வந்தது. அன்றும் பணம் வந்தது, ஆள் வந்தார்கள், இலக்கு வந்தது. வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று மேலிருந்து கேட்டார்கள்; கீழிருந்து பதில் போனது. அந்தக் கேள்வியும் பதிலும் எழுபது ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கின்றன என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு திட்டம் உருப்படுவதும் வீணாவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முதலில் அன்றைய கதை. 1952 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 55 இடங்களில் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கிராமங்கள். அடுத்த ஆண்டே தேசிய விரிவுப் பணி வந்தது. நூறு கிராமங்களுக்கு ஒரு பிளாக், அதற்கு ஒரு பி.டி.ஓ., அவருக்கு ஒரு ஜீப். அந்த ஜீப்புகளில் பல அமெரிக்க உதவியில் வந்தவை. ஜீப் போகாத இடத்துக்குப் போனவர் கிராம சேவக். ஐந்து முதல் பத்து கிராமங்கள் அவர் பொறுப்பு. நல்ல விதையும் உரமும் அவர் கொண்டுவர வேண்டும், எருக்குழி வெட்டச் சொல்ல வேண்டும், புகையில்லா அடுப்பைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் பேச வேண்டும், ரோடு போட ஊர்க்காரர்களின் உழைப்பைத் திரட்ட வேண்டும். எல்லாம் முடிந்து இரவில் நாட்குறிப்பும் எழுத வேண்டும்.

அந்த நாட்குறிப்பிலிருந்துதான் மாத முன்னேற்ற அறிக்கை பிறக்கும். எத்தனை எருக்குழி, எத்தனை மைல் ரோடு, எத்தனை கிணறு, எத்தனை மூட்டை விதை. பி.டி.ஓ. ஆபீஸில் கூட்டி, கலெக்டர் ஆபீஸில் மறுபடி கூட்டி, சென்னை வழியாக அது டெல்லி போய்ச் சேரும்போது அந்தப் பருவத்து வெள்ளாமையே வீட்டுக்கு வந்திருக்கும். எருக்குழி வெட்டியது கணக்கில் ஏறும். அதில் எரு சேர்ந்ததா, மழையில் மூடிப்போனதா என்பதற்குப் படிவத்தில் இடம் கிடையாது. இந்தக் குறை அன்றும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அன்று வேறொன்றும் இருந்தது. அதற்கு இன்று நாம் போதிய மதிப்புக் கொடுப்பதில்லை. திட்டம் தொடங்கிய அதே 1952இல், திட்டக் கமிஷனின் கீழ் ‘திட்ட மதிப்பீட்டு அமைப்பு’ என்று ஒன்றை உண்டாக்கினார்கள். பொருளாதார அறிஞர் டி. ஜி. கார்வே அதன் இயக்குநர். திட்டத்தை நடத்தும் அமைச்சகத்துக்கோ மாநில அரசுக்கோ கலெக்டருக்கோ அந்த அமைப்பின் ஆட்கள் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் திட்டப் பகுதிகளிலேயே தங்கி, தொடக்க நிலையைக் கணக்கெடுத்தார்கள். பிறகு ஆண்டுதோறும் போய்ப் பார்த்து, பார்த்ததை அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்த அறிக்கைகள் வளர்ச்சி ஆணையர்களின் மாநாட்டு மேஜைக்கே வந்தன.

அவற்றில் சொன்னவை இனிப்பானவை அல்ல. பிளாக் தலைமையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமங்களுக்குப் பலன் போகிறது, தள்ளி இருப்பவற்றுக்குப் போகவில்லை என்றார்கள். ஒரே கிராமத்துக்குள்ளும் நிலம் அதிகம் உள்ளவருக்குக் கிடைப்பது சிறு விவசாயிக்குக் கிடைப்பதில்லை என்றார்கள். மக்கள் பங்கேற்பு என்று கணக்கில் காட்டியது பல இடங்களில் ஒருமுறை வந்து மண் சுமந்ததோடு முடிந்துபோனது என்றார்கள். நேரு தன் கனவென்று தூக்கிப் பிடித்த திட்டத்தைப் பற்றி அவருடைய அரசே நியமித்த ஆட்கள், அது உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலேயே இப்படி எழுதினார்கள்.

எழுதியது கோப்பில் மட்டும் தங்கிவிடவில்லை. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு அறிக்கை கொடுத்தது. அதிகாரிகள் மட்டும் நடத்தினால் திட்டம் ஊரில் வேர் பிடிக்காது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் கொடுங்கள் என்று அது சொன்னதன் பின்னால் அந்த மதிப்பீடுகளும் இருந்தன. 1958இல் சென்னை மாநிலம் புதிய பஞ்சாயத்துச் சட்டம் போட்டது. பிளாக்குகள் பஞ்சாயத்து யூனியன்களாயின. இன்றும் நம் ஊர்களில் பி.டி.ஓ. ஆபீஸை ‘யூனியன் ஆபீஸ்’ என்றே சொல்கிறோமே, அந்தப் பெயர் வந்த வழி இது. அறிக்கை மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் ஆட்சி அமைப்பையே மாற்றும் பலம் அதற்கு இருந்தது.

இப்படிச் சொல்வதால் அன்றைய கண்காணிப்பு எல்லாவற்றையும் பார்த்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தவறவிட்ட ஒன்று இன்றும் ராமநாதபுரம் முழுக்க முள்ளோடு நிற்கிறது.

சீமைக்கருவேல். மழை பொய்த்த பூமியில் விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று, அந்த வளர்ச்சிக் காலத்தில்தான் அரசே அதன் விதையைப் பரப்பியது. நோக்கத்தில் குறை இல்லை. விறகுத் தட்டுப்பாடு உண்மையாகவே இருந்தது. மரமும் சொன்னபடி வளர்ந்தது. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் போட, அது கண்மாய் உள்வாய்க்குள் இறங்கியது, வரத்துக்காலில் ஏறியது, தரிசாய்ப் போட்ட புஞ்சையை ஆண்டு திரும்புவதற்குள் பிடித்துக்கொண்டது. நிலத்தடி நீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கண்மாயையும் கால்வாயையும் அடைக்கிறது என்பதில் வேறுபாடு கிடையாது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே கண்ணில் படும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிடும் நிலை வந்தது. அதற்குள் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டு, கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டன. இப்போது அதை வேரோடு பிடுங்குவது என்றால் அவர்கள் அடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விதை போட்ட நாளில் ‘இது பரவினால் யார் பொறுப்பு? எப்போது திரும்பிப் பார்ப்போம்?’ என்று ஒரு வரி எழுதி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்திருந்தால், மரம் கண்மாய்க் கரை ஏறும் முன்பே தெரிந்திருக்கும். எத்தனை ஏக்கரில் விதைத்தோம் என்பதற்குக் கணக்கு இருந்தது. விதைத்தது என்ன செய்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. முன்னேற்றத்தைக் கவனிப்பதும் இடரைக் கவனிப்பதும் இரண்டு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளில் வறட்சிப் பகுதித் திட்டம் வந்தது, எண்பதுகளில் கறவை மாட்டுக் கடன் வந்தது. அவற்றின் கண்காணிப்பு ‘எவ்வளவு செலவழித்தீர்கள்’ என்பதாகச் சுருங்கியது. மார்ச் 31க்குள் பணம் தீர்ந்தால் திட்டம் வெற்றி. அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 2015இல் திட்டக் கமிஷன் போய் நிதி ஆயோக் வந்தது. கார்வே நடத்திய அந்த மதிப்பீட்டு அமைப்பையும் அதே ஆண்டில் புதிய அலுவலகம் ஒன்றில் இணைத்தார்கள்.

இனி இன்று. விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் ஆய்வுக் கூட்டம் என்றால் இப்போது சுவரில் ஒரு திரை விரியும். அதில் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தின் 49 குறியீடுகள். சுகாதாரமும் ஊட்டச்சத்தும் 30 விழுக்காடு, கல்வி 30, விவசாயமும் நீர்வளமும் 20, நிதிச் சேவையும் திறன் பயிற்சியும் 10, அடிப்படை வசதிகள் 10. ஒவ்வொரு மாதமும் மாவட்டம் எண்களை ஏற்றும். போன மாதத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு, நாட்டின் மற்ற மாவட்டங்களோடு வரிசைப்படுத்துவார்கள். டெல்டா தரவரிசை என்று அதற்குப் பெயர். எங்கே நிற்கிறாய் என்பதைவிட எவ்வளவு நடந்தாய் என்பதற்கு மதிப்பெண். பின்தங்கிய மாவட்டத்துக்கு இது நியாயமான அளவுகோல். 2018 டிசம்பரில் வெளியான இரண்டாவது தரவரிசையில் விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

இதன் பலனைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஒரு வட்டாரத்தில் கர்ப்பிணிகளின் பதிவு குறைகிறது என்றால் அந்த மாதமே தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை என்பது ஒரு வரியாகத் திரையில் நிற்கிறது. சுகாதாரத் துறையும் அங்கன்வாடியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே குழந்தையின் எடையைப் பற்றிப் பேசும் நிலை வந்திருக்கிறது. கிராம சேவக் காலத்தில் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

என் கவலை, அந்த எண்ணை ஏற்றுவது யார் என்பதில் இருக்கிறது. தரவரிசையில் யாருடைய இடம் ஏறி இறங்குகிறதோ, அவர்களுடைய அலுவலகம்தான் எண்ணையும் தருகிறது. திட்டம் தொடங்கியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது; அதை நான் மதிக்கிறேன். அந்த இரண்டாவது தரவரிசைக்காக 2018இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் வெளியார் கணக்கெடுப்பு நடந்தது; டாடா அறக்கட்டளைகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் அதில் பங்காளிகள். மாவட்டம் சொன்னதையும் வீட்டுக்காரர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விருதுநகரின் முதலிடத்துக்கு மரியாதை வந்ததே அதனால்தான். மாதாமாதம் தரவரிசை வரும் அளவுக்கு, அப்படி வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதும் ஒழுங்காக வந்தாக வேண்டும்.

கண்மாய்ப் பக்கம் போனால் இது இன்னும் விளங்கும். குறியீடுகளில் ஒன்று, நூறு நாள் வேலையில் சீரமைத்த நீர்நிலைகளின் எண்ணிக்கை. நல்ல குறியீடுதான்; ராமநாதபுரத்தில் நீரைத் தவிர வேறெதை எண்ணுவது? வைகையின் கடைசிப் பகுதி இது. ஆயிரத்துக்கும் அதிகமான கண்மாய்கள். ஒன்று நிறைந்தால் அதன் கலுங்கு தாண்டிய தண்ணீர் அடுத்ததற்குப் போகும். இந்த ஊர்க் கண்மாயின் கலுங்கும் அடுத்த ஊருக்குப் போகும் வரத்துக்காலும் சரியாக இருந்தால்தான் அங்கே நெல்.

இப்போது ஒரு கண்மாயைத் தூர் வாருகிறார்கள் என்று வையுங்கள். வேலைக்கு முன் ஒரு போட்டோ, நடுவில் ஒன்று, முடிந்தபின் ஒன்று. மூன்றும் இடக் குறியோடு இணையத்தில் ஏறும். உள்வாய் பளிச்சென்று இருக்கிறது, கரை உயர்ந்திருக்கிறது, பெயர்ப்பலகையும் நட்டாயிற்று. திரையில் அந்தக் கட்டம் பச்சை. ஆனால் மேலே அரைக் கல் தொலைவில் வரத்துக்காலில் கருவேல் அடைத்திருக்கிறது. நடுவில் ரோட்டுக்குப் போட்ட குழாய்ப்பாலம் கால்வாயின் மட்டத்தைவிட உயரத்தில் நிற்கிறது. அக்டோபரில் மழை பெய்யும். தண்ணீர் பக்கத்துத் தரிசில் பரந்து ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போகும். கண்மாய் காய்ந்து கிடக்கும், கட்டம் பச்சையாகவே இருக்கும்.

யாரும் பொய் சொல்லவில்லை. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய் யூனியனுக்குச் சொந்தம். பெரியது பொதுப்பணித் துறையில் இருந்தது, 2021க்குப் பிறகு நீர்வளத் துறையிடம். கால்வாய் ஓடும் புறம்போக்கு வருவாய்த் துறையின் பதிவில். ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்து தன் எண்ணை ஏற்றிவிட்டார்கள். இடர் உட்கார்ந்திருப்பது இரண்டு துறைகளுக்கு நடுவில். அந்த இடத்துக்குத் திரையில் கட்டமே கிடையாது. மடை பார்க்கும் நீர்பாய்ச்சியைக் கேட்டால் எந்த இடத்தில் தண்ணீர் திரும்பிவிடும் என்று விரலை நீட்டிக் காட்டுவார். அவரை ஆய்வுக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது வழக்கமில்லை.

பயிர்க் காப்பீட்டையும் பாருங்கள். காப்பீடு செய்த நிலத்தின் பரப்பும் ஒரு குறியீடு. அது கூடினால் முன்னேற்றம். ராமநாதபுரம் விவசாயி மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூட இல்லாமல் போனது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. அப்படிப் பட்டவர் அடுத்த ஆண்டு முண்டியடித்துக் காப்பீடு கட்டுகிறார் என்றால், அதில் பாதிக்குக் காரணம் பயம். அந்த எண் ஏறுவதைக் கண்டு கைதட்டும்போதே, ‘இவர்கள் ஏன் இத்தனை பேர் பயப்படுகிறார்கள், இழப்பீடு எந்த மாதம் கைக்கு வருகிறது’ என்றும் யாராவது கேட்க வேண்டும். தைக்குள் கருகிய பயிருக்கு அடுத்த விதைப்பு முடிந்தபின் பணம் வந்தால், நடுவில் அந்தக் குடும்பம் வாங்கும் வட்டிக் கடன் எந்தக் குறியீட்டிலும் ஏறாது.

விருதுநகரின் பெரிய இடர் எது என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வெடிவிபத்துகள் நிற்கவில்லை. அந்த 49இல் இதற்கு ஒரு வரி கிடையாது. வெடிபொருள் உரிமம் ஒரு துறை, தொழிலகப் பாதுகாப்பு வேறு துறை என்பது சரிதான். ஆனால் ஒரு மாவட்டத்தின் பொருளாதாரம் எந்தத் தொழிலைப் பிடித்து நிற்கிறதோ, அந்தத் தொழிலில் ஆள் சாவதைப் பொருளாதார முன்னேற்ற ஆய்வு ஒதுக்கி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரு வெடிவிபத்தில் சம்பாதிக்கும் பெண் போய்விட்டால், அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் ஊட்டச்சத்தும் அதே நாளில் சரிகின்றன. அவை இரண்டும் குறியீடுகளில் இருக்கின்றன. காரணம் மட்டும் இல்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் யார் எடுத்துச் சொல்வது? தரவரிசைக்கு ஓடும் ஆபீஸில் கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு இடம் குறைவு. ‘இந்த வேலை முடியாது சார், வரத்துக்கால் அடைத்துக் கிடக்கிறது’ என்று ஓவர்சியர் சொன்னால், மேலே அது சாக்காகத்தான் காதில் விழும். முடித்ததாகச் சொன்னால் கூட்டம் அடுத்த வரிக்குப் போய்விடும். அன்றைய மதிப்பீட்டு அதிகாரிக்கு இந்த அச்சம் இல்லை. உண்மையை எழுதியதற்காகக் கலெக்டர் அவரை இடம் மாற்ற முடியாது. வேகத்தில் நாம் எவ்வளவோ முன்னே வந்துவிட்டோம். எழுதுபவருக்கு இருந்த அந்தப் பாதுகாப்பை மட்டும் கைவிட்டுவிட்டோம்.

கருவியால் மட்டும் இது தீராது என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் தினம் இரண்டு வேளை போட்டோ எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

கருவிக்கு வெளியே, கிராம சபை நம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடியது இப்போது ஆறு முறை ஆகியிருக்கிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டும் புதிதாகச் சேர்ந்தவை. சமூகத் தணிக்கையும் அங்கேயே படிக்கப்படுகிறது. மதிப்பீட்டு அமைப்பு வெளியிலிருந்து வந்து பார்த்ததை, ஊரே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு இது. ஆனால் அங்கே பேசியது தீர்மானப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது; அந்தத் திரைக்குப் போகும் வழி இன்னும் திறக்கவில்லை.

அந்த வழியைத் திறப்பதற்குப் புதுச் செலவு பெரிதாக இல்லை. மழைக்கு முந்தைய மாதம், செப்டம்பர் ஆய்வுக் கூட்டத்தில் ஒரு கண்மாய்த் தொடரை எடுத்துக்கொள்ளலாம். தலைக் கண்மாயிலிருந்து கடைசிக் கண்மாய் வரை வரத்துக்காலை யூனியன் ஓவர்சியரும் நீர்வளத் துறை உதவிப் பொறியாளரும் சர்வேயரும் அந்தந்த ஊர் நீர்பாய்ச்சியோடு நடந்து பார்க்கட்டும். தண்ணீர் திரும்பக்கூடிய இடங்களைப் பெயர் சொல்லி எழுதட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தத் துறை, எந்தத் தேதி என்று போடட்டும். சரிசெய்ய முடியாததை முடியாது என்று எழுத அவர்களுக்கு அனுமதி வேண்டும். அப்படி எழுதியதற்காக மாவட்டத்தின் மதிப்பெண் குறையக் கூடாது. ஜனவரியில் அதே ஆட்கள் அதே வழியில் திரும்ப நடந்து, எந்தக் கலுங்கு வரை தண்ணீர் வந்தது என்று குறித்துக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்பை மார்ச் 22 கிராம சபையில் படிக்கலாம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்கு அது சரியா இல்லையா என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும்.